மணி அடிக்காத சிறுமி: மிசோரா ஹிபாரி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மாலை வேளைகளில் ஜப்பானியப் பாட்டு ஒலிப்பதைக் கேட்டு, வருகிறவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சிறு விஷயம்: ஒன்பது வயதுக் குழந்தையை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே தொடக்கத்தில் 'அவள்' என்றுதான் வரும். எங்கே மாறுகிறது, ஏன் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

யார் இந்த மிசோரா ஹிபாரி?

ஜப்பானியப் பாடகி, நடிகை. 1937 மே 29 அன்று யோகோஹாமா துறைமுக நகரில் ஒரு மீன்கடைக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். 1989 ஜூன் 24 அன்று, 52 வயதில் காலமானார். ஒன்பது வயதில் மேடை, பன்னிரண்டு வயதில் இசைத்தட்டு, அதே ஆண்டிலேயே நாடெங்கும் பெயர். பதிவு செய்த பாடல்கள் சுமார் 1,500. நடித்த படங்கள் 150க்கும் மேல். போருக்குப் பிந்தைய ஜப்பானைப் பற்றி யார் படம் எடுத்தாலும் பின்னணியில் இவர் குரல் எங்காவது வந்துவிடும்.

அது உண்மையான பெயரா?

இல்லை. இயற்பெயர் கட்டோ கசுயே. ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும். மேடைப் பெயரில் 'மிசோரா' என்றால் அழகிய வானம், 'ஹிபாரி' என்றால் வானம்பாடி. தமிழில் இந்தப் பெயரை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பறவையின் பெயருக்குள் நாம் ஏற்கெனவே வானத்தையும் பாட்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

பாடத் தொடங்கியது எப்படி?

அப்பா மசுகிச்சிக்குப் பாட்டென்றால் உயிர். வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. குழந்தை அதைக் கேட்டே வளர்ந்தாள். 1943 ஜூனில் அப்பாவுக்குக் கடற்படையிலிருந்து அழைப்பு வந்தது. வழியனுப்பு விருந்தில் ஆறு வயது மகள் ஒரு பாட்டுப் பாடினாள். போரில் இறந்த மகனைத் தேடி, போர்வீரர்களுக்கான யாசுகுனி கோயிலுக்கு வரும் ஒரு கிராமத்துத் தாயின் பாட்டு அது. போருக்குப் புறப்படுகிறவர் முன்னால் பாடக்கூடிய பாட்டா என்று நமக்குத் தோன்றும். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். மகளின் தொண்டையில் என்ன இருக்கிறது என்பதை அம்மா கிமியே கண்டுகொண்டது அந்த இரவில்தான்.

யோகோஹாமாவின் பெரும்பகுதி 1945 மே 29 குண்டுவீச்சில் எரிந்து சாம்பலானது. அன்று அவளுக்கு எட்டாவது பிறந்தநாள். அப்பா உயிரோடு திரும்பி வந்தார். மீன்கடை மறுபடி திறந்தது. அம்மா கைச்சேமிப்பை எடுத்து 'நீலவானம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வாத்தியக் குழுவைச் சேர்த்து, அக்கம்பக்கத்தில் மகளைப் பாட வைத்தார். 1946இல் அவர்கள் பகுதியிலேயே இருந்த ஒரு சிறு கொட்டகையில் முதல் முறையாக முறையான மேடை. அப்போது வயது ஒன்பது.

தலைப்பில் வரும் 'மணி' என்ன?

1946 ஜனவரியில் ஜப்பான் வானொலியான என்எச்கே, பாமர மக்களுக்கான பாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. தேறியவர்களுக்கு மணி அடிப்பார்கள். இன்றைக்கும் நடக்கிற நிகழ்ச்சி அது. அதே ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமி சிவப்பு உடுப்பு அணிந்து போய் நின்றாள். போருக்குப் பிறகு எல்லார் வாயிலும் இருந்த 'ஆப்பிள் பாட்டை'ப் பாடினாள். தாயும் மகளும் மணி ஓசைக்காகக் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை.

நடுவர்கள் சொன்ன காரணங்கள் இவை: நன்றாகத்தான் பாடுகிறாள், ஆனால் குழந்தை மாதிரி இல்லை, கல்வி நோக்கில் இது சரியில்லை, அந்தச் சிவப்பு உடுப்பும் சரியில்லை.

நம் ஊரில் என்றால் 'பிஞ்சிலே பழுத்தது' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே காரணம் அந்தத் தீர்ப்புதான். குற்றம் என்று எதைச் சொன்னார்களோ அதுதான் அடுத்த 43 ஆண்டுகள் அவளைக் காப்பாற்றியது. குழந்தைக் குரலுக்காகக் கொண்டாடப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் பதினைந்து வயதில் காணாமல் போனார்கள். இவளிடம் தொலைந்துபோக ஒரு குழந்தைக் குரல் இருந்ததே இல்லை.

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்களா?

இல்லை. இசையமைப்பாளர் கோகா மசாவோ அதே காலத்தில் அவள் பாடிக் கேட்டார். இந்தப் பெண் ஏற்கெனவே முழுப் பாடகி, தயங்காமல் பாடட்டும் என்று தாய்க்குத் தைரியம் சொன்னார். இருபது ஆண்டுகள் கழித்து அவளுடைய மிகப் பெரிய பாடல்கள் இரண்டை அமைத்தவரும் அவர்தான்.

எதிர்ப்பக்கத்தில் கவிஞர் சாத்தோ ஹச்சிரோ இருந்தார். அவள் கொஞ்சம் புகழ் பெற்றதும், பெரியவர்களின் காதல் பாட்டைப் பெரியவர்கள் போலவே பாடும் இந்தப் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்ற தொனியில் நாளிதழில் சாடி எழுதினார். தாயும் மகளும் அந்தத் துண்டை வெட்டி, தாயத்துப் பையில் வைத்துப் பல ஆண்டுகள் கூடவே கொண்டு திரிந்தார்கள் என்று சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போட்டியில் அவள் பாடித் தோற்ற அந்த 'ஆப்பிள் பாட்டை' எழுதியவர் இதே சாத்தோ ஹச்சிரோ.

சிறு வயதில் செத்துப் பிழைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1947 ஏப்ரலில் ஷிகோகு தீவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனார்கள். கோச்சி மாவட்டத்து மலைப்பாதையில் அவர்கள் ஏறியிருந்த பஸ் ஒரு லாரியோடு மோதிப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டதால் கீழே விழவில்லை. சிறுமியின் இடது மணிக்கட்டு கிழிந்தது. நினைவு தப்பி, கண்மணிகள் விரிந்து, பிழைக்க மாட்டாள் என்ற நிலை. தற்செயலாக அந்தக் கிராமத்துக்கு வந்திருந்த ஒரு மருத்துவர்தான் காப்பாற்றினார்.

ஊர் திரும்பியதும் அப்பா கொதித்துப்போய், பாட்டும் வேண்டாம் கூத்தும் வேண்டாம் என்றார். பாட்டை விட்டால் செத்துப்போவேன் என்றாள் மகள். பத்து வயது நிரம்பாத பிள்ளை பேசுகிற பேச்சா என்று கேட்கலாம். ஆனால் அவள் அப்போதுதான் சாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

விபத்து நடந்த பகுதியில் மூவாயிரம் ஆண்டு வயதென்று சொல்லப்படும் ஒரு பிரம்மாண்டமான தேவதாரு மரம் இருக்கிறது. ஊரின் பெயரே அந்த மரத்தால் வந்ததுதான். ஜப்பானிலேயே முதல் பாடகியாக வேண்டும் என்று அவள் அந்த மரத்திடம் வேண்டிக்கொண்டாள் என்பது ஊர்க்கதை. பாடகர்களாக விரும்புகிறவர்கள் இன்றும் அங்கே போய்க் கும்பிடுகிறார்கள்.

வேறொரு பாடகியைக் காப்பியடித்தவர் என்ற புகார் பற்றி?

பாதி உண்மை. 1948இல் கசாகி ஷிசுகோ என்ற பாடகி 'தோக்கியோ பூகிவூகி' பாடி நாட்டையே ஆட வைத்தார். இசை ஹத்தோரி ரியோயிச்சி. யோகோஹாமா மேடைகளில் ஹிபாரி அதை அச்சு அசலாகப் பாடி ஆடினாள். 'குட்டி கசாகி' என்ற பட்டமும் கிடைத்தது. நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த கசாகிக்கு இது எரிச்சலாக இருந்திருக்காதா? 1949 ஜனவரியில் தோக்கியோவின் பெரிய அரங்கம் ஒன்றில் சிறுமி பாடவிருந்த கசாகியின் புதுப் பாட்டுக்குத் தடை வந்தது. கடைசி நேரத்தில் அதற்குப் பதிலாகப் பழைய பாட்டைப் பாட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தின்போதும் ஹத்தோரியின் பாடல்களைப் பாடக் கூடாது என்று தடை வந்தது.

கசாகியை வில்லியாக்குவது ஜப்பானியப் பத்திரிகைகளுக்கு நெடுநாள் பொழுதுபோக்காக இருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் பிழைப்பான பாட்டைத் தனக்கு முன்பே ஒரு குழந்தை அந்தந்த ஊரில் பாடி முடித்துவிட்டுப் போனால் யாருக்கும் வயிறு எரியும். தவிர, அந்தத் தடை ஹிபாரிக்கு நல்லதாகவே முடிந்தது. சொந்தப் பாட்டுகள் வேண்டும் என்ற நிலை வந்தது.

புகழின் உச்சி எப்போது?

1949. அந்த ஆண்டுதான் முதல் படம், கொலம்பியா நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு, பிறகு செப்டம்பரில் 'கனஷிகி குச்சிபுவே', அதாவது 'சோகச் சீழ்க்கை'. அதே பெயரில் படமும் வந்தது. போரில் பிரிந்துபோன அண்ணன், தெருவில் திரியும் தங்கை. இருவருக்கும் தெரிந்த ஒரு மெட்டு அவர்களைச் சேர்த்து வைக்கிறது. படத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி பட்டுத் தொப்பியும் வால்கோட்டும் அணிந்து, கையில் கோலோடு, கனவான் போல நின்று பாடுகிறாள். சுமார் நாலரை லட்சம் தட்டுகள் விற்றன. அன்றைக்கு அது பெரிய சாதனை. அந்தக் கோலத்திலேயே யோகோஹாமாவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

படம் பார்த்தவர்கள் ஏன் அழுதார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓர் எண்: 1948இல் அரசு எடுத்த கணக்கில் ஜப்பானில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் 1,23,000க்கும் அதிகம். ரயில் நிலையங்களில் காலணி துடைத்துப் பிழைத்த பிள்ளைகளை எல்லாரும் தினமும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். திரையில் அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்று, பெரியவர்கள் குரலில் பாடியது. நடுவர்களுக்கு உறுத்திய அதே முதிர்ச்சி அந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஏற்கெனவே இருந்தது. 1950இல் வந்த 'தோக்கியோ கிட்' படத்திலும் இப்படியொரு தெருப் பிள்ளைதான்.

குழந்தையை இப்படி வேலை வாங்கியது சட்டப்படி சரியா?

1947இல் வந்த தொழிலாளர் சட்டம் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆனால் சினிமா, நாடகத் தொழிலுக்கு மட்டும் அனுமதி பெற்றுச் சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் இவள் போனாள்.

சட்டத்தை விடுங்கள், குழந்தைப் பருவம் பறிபோனதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். ஒரு பக்கம்: பள்ளிக்கூடம் அரைகுறை, விளையாட்டுத் தோழிகள் இல்லை, ஒரே ஆண்டில் பல படங்கள், இடையிடையே மேடை. இன்னொரு பக்கம்: அவளை யாரும் மேடைக்குத் தள்ள வேண்டியிருக்கவில்லை, இறக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

1951இல் அவள் பாடிப் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். எச்சிகோ பகுதியிலிருந்து சிங்க முகமூடி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தலைகீழாக நின்று வித்தை காட்டும் சிறுவர்களைப் பற்றிய பாட்டு அது. அடி வாங்கிக்கொண்டு வித்தை பழகிய அனாதைப் பிள்ளைகள். அந்தப் பாட்டைப் பாட ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை மேடையில் நிறுத்தி, டிக்கெட் விற்று, பெரியவர்கள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருக்காவது உறைத்திருக்குமா என்று யோசிப்பேன்.

குடும்பமே இவள் வருமானத்தில் நடக்கத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான். சம்பாதிக்கிற பிள்ளையிடம் வீட்டில் பேச்சின் தொனி மாறுமல்லவா? நானும் இங்கிருந்து 'அவர்' என்று மாற்றிக்கொள்கிறேன்.

அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

1950இல், 13 வயது நிரம்பும் வேளையில், ஹவாயில் இருந்த ஜப்பானிய வம்சாவளிப் போர்வீரர்களின் சங்கத்துக்கு நிதி திரட்ட. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர்கள் அவர்கள். பிறகு கலிபோர்னியாவுக்கும் போனார். அங்கே சந்தித்த குழந்தை நட்சத்திரம் மார்கரெட் ஓ'பிரையனோடு பிறகு ஜப்பானில் ஒரு படத்தில் சேர்ந்து நடித்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

கிமியே இல்லாமல் ஹிபாரி இல்லை. இது புகழ்ச்சியும்தான், குற்றச்சாட்டும்தான். பாட்டுத் தேர்வு, உடை, ஒப்பந்தம், யார் அருகில் வரலாம், யார் வரக் கூடாது எல்லாம் அம்மா. ஜப்பானியப் பத்திரிகைகள் இந்த இருவரையும் 'ஒரு கரு இரட்டையர்' என்று கேலியாக எழுதின. மகள் எங்கே பாடினாலும் திரைமறைவில் அம்மா நிற்பார். 1981இல் அம்மா இறக்கும்வரை இது மாறவில்லை. அப்போது மகளுக்கு 44 வயது.

பிஞ்சிலே பழுத்த பிள்ளை பெரியவளாவதில் சிரமப்படவில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் அம்மாவின் சேலை முனையை விட்டு வெளியே வருவது என்ற ஒன்று அவர் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. (அவர்கள் கிமோனோ கட்டுகிறவர்கள்; சேலை என்றால்தான் நமக்குப் புரியும்.)

அமில வீச்சு எப்போது நடந்தது?

1957 ஜனவரி 13, தோக்கியோ அசாகுசாவில் ஒரு பெரிய அரங்கம். மேடை ஓரத்தில் காத்திருந்த ஹிபாரி மீது அவருடைய ரசிகையான ஓர் இளம்பெண் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வீசினார். அந்தப் பெண்ணுக்கும் பாடகிக்கும் ஒரே வயது, 19. முகத்தின் இடப்பக்கமும் மார்பும் முதுகும் வெந்தன. நல்ல வேளையாக முகத்தில் தழும்பு நிற்கவில்லை. வேலைக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த எத்தனையோ பெண்களில் ஒருத்தி அந்த ரசிகை. தன் வயதுக்காரி ஒருத்தி இருக்கும் உயரத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள். சில வாரங்களில் ஹிபாரி மறுபடியும் மேடையில் இருந்தார்.

வயது ஏறியபோது குரல் போகவில்லையா?

ஆண்பிள்ளைகள் பாடகர்களாக இருந்தால் மகரக்கட்டு உடைவது பெரிய கண்டம். நம் ஊர் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் சிறுவர்கள் அதை நினைத்துத் தூக்கம் இழந்தார்கள். பெண்களுக்கு அந்த முறிவு அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. இருந்தாலும் குழந்தைக் குரலின் மெல்லிய இனிமையை நம்பிப் பாடியவர்களுக்கு அதுவும் கரைந்துவிடும்.

ஹிபாரி சிறு வயதிலேயே நெஞ்சிலிருந்து எழும் தாழ்ந்த, கனத்த குரலில் பாடினார். 1952இல், 15 வயதை ஒட்டிப் பாடிய 'ரிங்கோ ஒய்வாக்கே'யைக் கேளுங்கள். வட ஜப்பானில் ஆப்பிள் பூக்கள் உதிரும் காலத்தில் ஒரு பெண் அழுகிறாள். 'ஒய்வாக்கே' என்பது குதிரை ஓட்டிகள் பாடிய நாட்டுப்பாடல் வகை. ஒரே அசையைப் பிடித்து நீளமாக இழுப்பது அதன் இயல்பு. கீழே நெஞ்சுக் குரலில் இழுத்துக்கொண்டே போய், இருந்தாற்போல் மேலே கள்ளக்குரலுக்குத் தாவி, ஒட்டுத் தெரியாமல் திரும்ப இறங்குவார். நடுவில் வட்டார வழக்கில் கொஞ்சம் பேச்சு. இந்தத் தாவலை அவர் கடைசிவரை கைவிடவில்லை. ஐம்பது வயதில் பாடும்போது குரல் இன்னும் கொஞ்சம் இருண்டிருக்கும், அவ்வளவுதான்.

தாதாக்களோடு தொடர்பு இருந்ததா?

இருந்தது, மறைவாகவும் அல்ல. போருக்குப் பிந்தைய ஜப்பானில் பல ஊர்களில் மேடை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வது யாகுசா கூட்டங்களின் கையில் இருந்தது. கோபே நகரத்து யாமகுச்சி-குமி தலைவர் தவோகா கசுவோ, ஹிபாரி சிறுமியாக இருந்த 1948 முதலே காவலர் போலக் கூடவே இருந்தார். ஒரு குழந்தை தன் புரவலரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பெரியவர் ஆன பிறகும் அவர் அந்த உறவை மறுத்துப் பேசவில்லை.

அதற்கான விலை 1973இல் வந்தது. யாகுசாவோடு தொடர்புடைய தம்பி கைதானபோது, அவரை நிகழ்ச்சியிலிருந்து விலக்கச் சொன்னார்கள். தாயும் மகளும் மறுத்தார்கள். பொது அரங்குகள் கதவை மூடின. ஆண்டின் கடைசி இரவில் நாடே பார்க்கும் என்எச்கே பாட்டு விழாவில் பதினேழு முறை பாடிய ஹிபாரிக்கு அந்த ஆண்டு அழைப்பு இல்லை. ஒரு காலத்தில் மணி அடிக்க மறுத்த அதே நிறுவனம். 1979இல் சிறப்பு விருந்தினராக ஒரு முறை போனார். அதன் பிறகு போட்டியாளராக அங்கே பாடவே இல்லை.

திருமணம்?

1962இல் நடிகர் கோபயாஷி அகிராவோடு. 1964இல் பிரிந்தார்கள். சட்டப்படியான பதிவே செய்யப்படவில்லை. பிறகு மணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மகன் கசுயாவைத் தத்தெடுத்து வளர்த்தார்.

சோகப் பாட்டு மட்டும்தானா?

'என்கா' எனப்படும் சோகப் பாட்டின் அரசி என்று முத்திரை குத்திவிட்டார்கள். அது பாதிக் கதை. இளமையில் அவர் ஜாஸ், பூகி, மாம்போ எல்லாம் நிறையப் பாடினார். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் 1965இல் இறந்தபோது அவர் நினைவாக ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். ஆங்கிலம் பேசத் தெரியாது. எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தது. கேட்டுப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள். 1967இல் குட்டைப் பாவாடையோடு ராக் குழுவின் முன்னால் நின்று 'செக்கச் சிவந்த சூரியன்' என்ற பாட்டையும் பாடி வெற்றி பெற்றார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் 'ரிங்கோ ஒய்வாக்கே'. பிறகு கோகா மசாவோ இசையமைத்த 'கனஷி சாக்கே', அதாவது 'சோக மது', 1966. இந்தப் பாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல் ஒளிப்பதிவையும் தேடிப் பாருங்கள். பாடும்போது கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். குரலில் ஒரு நடுக்கம்கூட இருக்காது. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 'யாவரா' ஜூடோவைப் பற்றிய பாட்டு, அதுவும் கோகாவின் இசை. தோக்கியோ ஒலிம்பிக் நடந்த 1964இல் வந்து அடுத்த ஆண்டு ஜப்பான் ரெக்கார்டு விருது பெற்றது. 'ஆற்றின் ஓட்டம் போல' கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்டால் அது வெறும் அழகான பாட்டாகத்தான் படும்.

கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

மரணங்கள் வரிசையாக வந்தன. 1981இல் அம்மா. 1982இல், ஒரே ஆண்டில் பிறந்து சிறு வயது முதல் தோழியாக, 'மூன்று பெண்கள்' என்று திரையில் ஒன்றாக ஆடிப் பாடிய எரி சியேமி. 1983இல் ஒரு தம்பி, 1986இல் இன்னொரு தம்பி. குடி கூடியது. 1987 வசந்தத்தில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் முனை செத்துப்போய், கல்லீரலும் கெட்டு, ஃபுகுவோகா நகர மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார்.

1988 ஏப்ரல் 11 அன்று, திறந்து சில வாரங்களே ஆகியிருந்த தோக்கியோ டோமில், சுமார் 50,000 பேர் முன்னால் மறுபடி நின்றார். பீனிக்ஸ் பறவையைப் போன்ற உடை. வடிவமைத்தவர் மோரி ஹனாயே. ஏறத்தாழ நாற்பது பாட்டு. அரங்குக்கு வெளியே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கடைசியில் நூறு மீட்டர் நீள மேடைப் பாதையை, கால் வலியைக் காட்டாமல், கையசைத்துச் சிரித்தபடி நடந்து முடித்தார். பாதையின் முடிவில் மகன் கசுயா நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நடையின் கடைசிப் பகுதியைப் படத்தில் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு சிறு தயக்கம் தெரியும்.

கடைசி நிகழ்ச்சி 1989 பிப்ரவரி 7, கோக்குராவில். ஜூனில் நுரையீரல் அழற்சியால் தோக்கியோவில் இறந்தார். அடுத்த மாதமே அரசு 'மக்கள் கௌரவ விருது' அறிவித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

'ஆற்றின் ஓட்டம் போல' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பாட்டை எழுதியவர் இளைஞர் அகிமோத்தோ யாசுஷி. இசை மித்தாக்கே அகிரா. திரும்பிப் பார்த்தால் வெகு தூரம் நடந்து வந்திருக்கிறோம் என்ற எண்ணம்தான் பாட்டு. 1989 ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிதோ இறந்து, அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட ஷோவா காலம் முடிந்தது. தட்டு வெளிவந்தது ஜனவரி 11. யாரும் திட்டமிடவில்லை. முடிந்துபோன ஒரு காலத்துக்கான பாட்டாக மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் பாடியவரும் போய்விட்டார்.

செயற்கை நுண்ணறிவில் மறுபடி பாட வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2019இல் என்எச்கேயும் யமஹா நிறுவனமும் பழைய பதிவுகளைக் கணினிக்குப் பயிற்றுவித்து, அகிமோத்தோ யாசுஷி எழுதிய ஒரு புதுப் பாட்டைப் பாட வைத்தன. அந்த ஆண்டின் கடைசி இரவு விழாவிலும் அது ஒலித்தது. நடுவில், வெகு நாட்களாயிற்று உங்களைப் பார்த்து என்பது போல ரசிகர்களிடம் அந்தக் குரல் பேசவும் செய்தது. பழைய ரசிகர்கள் பலர் அழுதார்கள். பாடகர் யாமஷித்தா தாத்சுரோ இது இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு என்றார்.

நான் யாமஷித்தா பக்கம். குரல் ஒத்திருக்கிறதா என்பதல்ல என் கவலை. ஆறு வயது முதல் என்ன பாட வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யார் பாட்டைப் பாடக் கூடாது என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்ட ஒருவர். இறந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் அவருக்குப் பாட்டுக் கொடுத்து மேடையேற்றுகிறார்கள்.

ஜப்பான் போனால் எங்கே பார்க்கலாம்?

யோகோஹாமாவில் சிலையும், ஹினோ பூங்கா இடுகாட்டில் கல்லறையும் உண்டு. ஆனால் ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஃபுகுஷிமா மாவட்டத்து இவாக்கி நகரில் இருக்கும் ஷியோயாசாக்கி கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். 1987இல் நோயிலிருந்து எழுந்து அவர் பாடிய 'மிதாரேகாமி', அதாவது 'கலைந்த கூந்தல்', அந்தக் கரையில் நிகழ்கிற பாட்டு. அடிவாரத்தில் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது. பக்கத்தில் ஆள் வந்து நின்றால் தானாகவே பாட்டு ஒலிக்கத் தொடங்கும்.

போகிறவர்கள் காற்று குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். இல்லையென்றால் கடல் இரைச்சலில் முதல் வரி காதில் விழாது.